டோன் நதிக்கரைச் சாயச்சாலை

வெல்லிங்டன் என்றதும் நம்மவர் நினைவுக்கு வருவது நீலகிரியில் குன்னூருக்கு அருகே உள்ள படைவீட்டு ஊர். அந்த ஊர் ஒரு பிரபுவின் பெயரைத் தாங்கியது. அந்தப் பிரபுவின் பட்டப் பெயரோ இங்கிலாந்தின் தென்மேற்கே, ஸாமர்ஸெட் ஜில்லாவில் உள்ள ஒரு சிறு பட்டணத்திலிருந்து எடுத்தது. 1799-இல் ஸ்ரீரங்கப்பட்டணத்தை முற்றுகையிட்ட படையில் இருந்த ஆர்தர் வெல்லெஸ்லிக்கு 1809-இல் பிரபுப் பட்டம் கிடைத்தது. குடும்பப் பெயரோடு ஒலி ஒத்திருந்தது பற்றி இந்தப் பட்டணத்தின் பெயரைத் தேர்ந்தார்கள். பட்டணத்துக்குத் தெற்கே குன்றின் உச்சியில் அவருடைய ஞாபகார்த்தமாக 175 அடி உயரமுள்ள கற்கம்பம் ஒன்று நிற்கிறது. பிரயாணிகள் பெரும்பாலும் அதைப் பார்க்கத்தான் அங்கே போகிறார்கள்.

நாம் போனது அதற்காக அன்று. பட்டணத்தின் மறு புறத்தில், டோன் என்னும் சிற்றாற்றின் கரையில், பழைய சாயச்சாலை ஒன்று இருக்கிறது. கம்பளித் துணியை அலசி, அடித்து, சாயம் ஏற்றி, இழுத்து, மழித்து, மடித்துக் கொடுத்த இடம் அது. அதைப் பார்க்கவேண்டும் என்ற எண்ணம் நமக்கு நெடுநாளாக உண்டு. அதன் காரணத்தைச் சொன்னால் வாசகர்கள் வியக்கக்கூடும்.

நமது பாட்டனார் 1930-இல் எட்டு வயதுச் சிறுவர். அவ்வருஷம் நமது ஊர்க் கடைத்தெருவில் அந்நியத் துணிக்கடை ஒன்றின் முன்னே தொண்டர்கள் மறியல் செய்தபோது அவர் வேடிக்கை பார்க்கப் போயிருந்தார். தடியடி தொடங்கியதும் கூட்டம் சிதறியது. சிறுவர் ஒரு கட்டை வண்டியின் அடியில் புகுந்துகொண்டார். அங்கிருந்து பார்த்தபோது முகங்கள் தெரியவில்லை, தடிகளும் தெரியவில்லை. கணுக்கால் முதல் முழங்கால் வரை பட்டை இறுகச் சுற்றிய கால்கள் மட்டுமே தெரிந்தன. அறுபது ஆண்டுகளுக்குப் பின்னும் இந்தக் கதையைச் சொல்லும்போது அவர் எவரையும் ஏசமாட்டார். "அந்தக் கால்கள்" என்று மட்டும் சொல்லி நிறுத்திவிடுவார். நாம் காக்கி நிஜாரும் வெள்ளைச் சட்டையும் அணிந்து முதன்முதலாகப் பள்ளிக்குப் புறப்பட்ட அன்று அவர் வாழ்த்துச் சொல்லவில்லையாம். எழுந்து கொல்லைப்புறம் போய்விட்டாராம். நமது தாயார் சொல்லக் கேட்டிருக்கிறோம்.

காலில் சுற்றும் அந்தப் பட்டைக்கு ஆங்கிலத்திலும் 'பட்டி' என்றே பெயர். ஹிந்தியிலிருந்து அவர்கள் எடுத்துக்கொண்ட சொல் அது. அந்தப் பட்டிகளுக்குப் பேர்போனவர்கள் வெல்லிங்டன் பட்டணத்துப் பாக்ஸ் சகோதரர்கள் நிறுவனத்தார். அவர்களுடைய துணி சாயம் ஏறி முழுமை பெற்ற இடந்தான் நாம் சொன்ன டோன் ஒர்க்ஸ். ஆகவே நாம் அங்கே போனது வேடிக்கை பார்க்க மட்டும் அன்று. உள்ளே ஒரு பழைய வழக்கும் இருந்தது.

பட்டணமும் குடும்பமும்

நமது பழைய மாணவி ஒருத்தி டான்டன் நகரத்தில் செவிலியாகப் பணிபுரிகிறாள். "கோடை விடுமுறையில் ஒரு முறை வந்துதான் போங்களேன், ஸார்" என்று பல தடவை எழுதியிருந்தாள். போனோம். டான்டனிலிருந்து வெல்லிங்டனுக்கு ஏழு மைல், பஸ்ஸில் சென்றோம். வழி நெடுகப் பசும்புல் வெளி, இடையிடையே ஆப்பிள் தோட்டங்கள், செந்நிற மண். மழை தூறிக்கொண்டே இருந்தது. இத்தனை தண்ணீர் வானத்திலிருந்து இறங்கும் நாட்டில் கம்பளித் தொழில் வளர்ந்ததில் வியப்பில்லை என்பது பிறகுதான் விளங்கிற்று. கம்பளி ஆட்டின் முதுகில் விளைகிறது. கம்பளித் துணியோ தண்ணீரில்தான் விளைகிறது.

பாக்ஸ் குடும்பத்தார் க்வேக்கர் என்னும் கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர்கள். ஆடம்பரத்தையும் ஆயுதத்தையும் விலக்கியவர்கள் அப்பிரிவினர். இந்த நிறுவனம் தன் வயதை 1772 முதல் கணக்கிடுகிறது. அவ்வருஷந்தான் தாமஸ் பாக்ஸ் என்பவர் தம் தாய்வழி உறவினரின் துணி வியாபாரத்தில் பங்காளியாகச் சேர்ந்தார். துணியோடு அக்குடும்பத்தார் நின்றுவிடவில்லை. ஒரு பாங்கியும் நடத்தினார்கள். இங்கிலாந்தில் தன் சொந்த நோட்டுகளை வெளியிட்ட கடைசித் தனியார் பாங்கி அதுதான். 1921 வரை அந்த நோட்டுகள் செலாவணியில் இருந்தன.

அக்காலத்தில் இந்தப் பக்கத்தில் நெய்த 'லாங் எல்' என்ற கம்பளித் துணியைக் கிழக்கிந்தியக் கம்பெனியார் வாங்கிச் சீன தேசத்துக்குக் கப்பலேற்றினார்கள். அதே கம்பெனியார்தாம் சோழமண்டலக் கரையில் நம் கைக்கோளரிடம் பருத்தித் துணி வாங்கியவர்கள். உலகின் இரண்டு மூலைகளிலும் ஒரே வியாபாரி நின்றுகொண்டு தறிகளுக்கு உத்தரவு கொடுத்தான் என்பதை நினைத்துக்கொண்டே பஸ்ஸை விட்டு இறங்கினோம்.

பட்டணத்தின் வடபுறத்தில் டோன்டேல் மில் என்னும் பெரிய ஆலை இருக்கிறது. நூற்பும் நெசவும் அங்கே நடந்தன. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாக்ஸ் நிறுவனத்துக்கு ஒன்பது ஆலைகளும் ஏறக்குறைய 5,000 தொழிலாளரும் இருந்தார்கள். நெய்த துணி அங்கிருந்து சற்று வடக்கே உள்ள டோன் ஒர்க்ஸுக்கு வரும். இரண்டுக்கும் இடையே நீர்த்தேக்கங்கள் உண்டு. ஆலைக்காக வெட்டிய அந்தக் குளங்களில் இப்போது வாத்துக்கள் நீந்துகின்றன. பட்டணத்தார் மாலையில் கரையோரமாக உலாவுகிறார்கள்.

கூரைகளும் கால்வாய்களும்

டோன் ஒர்க்ஸுக்குள் நினைத்தபோது நுழைந்துவிட முடியாது. பழுது பார்க்க வேண்டிய இடம்; முன்கூட்டி அனுமதி பெற்று, தலைக்கவசம் அணிந்து, வழிகாட்டியின் பின்னால்தான் போகவேண்டும். நமக்கு வழிகாட்டியாக வாய்த்தவர் எழுபது வயது கடந்த ஒரு முதியவர். சிறு வயதில் அங்கேயே சாயத்தொட்டியில் வேலை பார்த்தவர். அதிகம் பேசாதவர், ஆயினும் ஒவ்வொரு யந்திரத்தின் அருகிலும் வந்தவுடன் அதன்மேல் ஒரு முறை கையை வைத்துவிட்டுத்தான் பேசத் தொடங்குவார். தம் வண்டி மாட்டைத் தட்டிக்கொடுக்கும் குடியானவரைப்போல் இருந்தது அது.

வெளியே நின்று பார்த்தால் இந்தச் சாலையில் கம்பீரம் என்று சொல்ல ஒன்றுமில்லை. பெரிய வாயில் இல்லை, கோபுரம் இல்லை. கல்லாலும் செங்கல்லாலும் ஆன நீண்ட கொட்டகைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. ரம்பத்தின் பற்களைப்போல வரிசையாக ஏறி இறங்கும் கூரைகள். அவற்றின் ஒரு சரிவில் கண்ணாடி. வடக்கு நோக்கிய அந்தக் கண்ணாடி வழியாக வெயில் படாத சமமான வெளிச்சம் உள்ளே இறங்கும். சாயத்தின் நிறத்தை மதிப்பிட அந்த வெளிச்சமே ஏற்றது. நம் பட்டுக் கடைகளில் புடைவையை வாசற்பக்கம் கொண்டுபோய்ப் பகல் வெளிச்சத்தில் விரித்துப் பார்க்கிறோம் அல்லவா? அந்த விவேகத்தை இவர்கள் கூரையிலேயே கட்டிவைத்திருக்கிறார்கள்.

ஒவ்வொரு வேலைக்கும் ஒரு கொட்டகை. தேவை எழுந்தபோதெல்லாம் ஒன்றைக் கூட்டிக் கட்டியிருக்கிறார்கள். காலடியில் கால்வாய்கள் ஓடுகின்றன. ஆற்றிலிருந்து பிரித்த தண்ணீர் மதகு வழியே உள்ளே வந்து, சக்கரத்தைச் சுழற்றி, துணியை அலசி, சாயத்தைக் கரைத்து, அழுக்கைச் சுமந்துகொண்டு வெளியேறும். தண்ணீரின் வலிமைக்குப் பின்பு நீராவி வந்தது. நீராவிக்குப் பின்பு மின்சாரம் வந்தது. கூரைக்கு அருகே நீண்ட இரும்புத் தண்டுகளும் கப்பிகளும் இன்னமும் தொங்குகின்றன. ஒரு காலத்தில் அந்தக் கப்பிகளிலிருந்து தோல்வார்கள் இறங்கிக் கீழே இருந்த யந்திரங்களை ஓட்டின.

2000-ஆம் ஆண்டில் வேலை நின்றது. தொழிலாளர் வெளியேறினார்கள், யந்திரங்கள் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டன. வேறிடங்களில் இத்தகைய சாலைகள் மூடப்பட்டதும் இரும்பைப் பழைய விலைக்கு விற்றுவிட்டார்கள். இங்கே அது நடக்கவில்லை. கட்டடங்களோடு யந்திரங்களும் எஞ்சியிருப்பதுதான் இந்த இடத்தின் அருமை.

கோடி துணியானது எப்படி?

தறியிலிருந்து அறுத்தெடுத்தவுடன் துணி ஆயிற்று என்றுதான் நம்மில் பலர் எண்ணுகிறோம். பருத்தியைப் பொறுத்தவரை அது ஓரளவு மெய். கம்பளிக்கு அப்படியன்று. தறியிலிருந்து வரும் கம்பளி முரடாய், இழை இழையாய், எண்ணெய்ப் பிசுக்கோடு சாக்குப்போல் இருக்கும். நூற்பதற்காகத் தடவிய எண்ணெயும் மற்ற அழுக்கும் அதில் ஊறிக் கிடக்கும். அதை மேனியில் போட முடியாது.

முதல் வேலை அழுக்கு நீக்கல். அந்தக் காலத்தில் அதற்கு உதவியது ஒரு வகைக் களிமண். நம் வண்ணார் உவர்மண்ணைக் கொண்டு வெளுத்ததை அறிந்தவர்களுக்கு இதில் புதுமை தோன்றாது. மண் மட்டும் போதாதென்று வீடு வீடாகச் சென்று மனித மூத்திரமும் சேகரிப்பார்களாம். நாட்பட்ட மூத்திரத்தின் காரம் எண்ணெய்ப் பிசுக்கை அறுக்கும். பிரபுக்களின் மேலங்கி எத்தனை ஏழை வீட்டுப் பானைகளுக்குக் கடன்பட்டிருந்தது, பாருங்கள்! பிற்காலத்தில் சவர்க்காரமும் சோடாவும் வந்து அந்தக் கடனைத் தீர்த்தன.

அடுத்தது துணியை அடித்தல். ஈரத்தோடும் சூட்டோடும் கம்பளியை ஓயாமல் அடித்தால் அதன் மயிர்கள் ஒன்றோடொன்று கொளுவிக்கொண்டு சுருங்கி நெருங்கும். இழைகளின் இடைவெளி மறையும். காற்றும் மழையும் எளிதில் புகாது. ஆதியில் காலால் மிதித்தார்கள். பின்பு நீர்ச்சக்கரத்தால் இயங்கும் மரச் சம்மட்டிகள் வந்தன. 1833-இல் ட்ரோப்ரிட்ஜ் என்ற ஊரைச் சேர்ந்த ஜான் டயர் சுழல் யந்திரம் ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். துணியின் இரு முனைகளையும் தைத்து முடிவில்லாத கயிறுபோல ஆக்கி, உருளைகளுக்கு இடையே நெருக்கி, குறுகிய வாய்க்குள் திணித்துத் திணித்து எடுப்பது அதன் முறை. அவ்வகை யந்திரங்கள் இங்கே வரிசையாக நிற்கின்றன. வெளியே பார்த்தால் பெரிய மரப் பெட்டி. முதியவர் கதவைத் திறந்து காட்டினார். உட்புறத்துப் பலகை பளபளவென்று கண்ணாடிபோல் வழுவழுத்திருந்தது. தச்சன் இழைத்த வழவழப்பு அன்று அது. ஈரத் துணி பல காலம் உராய்ந்து உராய்ந்து ஏற்பட்டது.

"துணி எப்போது போதும் என்று எப்படித் தெரியும்?" என்று கேட்டோம். கடிகாரம் உண்டு, அளவுகோல் உண்டு என்றார் அவர். சற்று நின்று, "ஆனால் பெட்டிக்குள் கையை விட்டுப் பார்ப்போம், கை சொல்லும்" என்றார். பாகுப் பதம் பார்க்கும் நம் வீட்டுப் பெண்மணிகளின் பதிலும் இதுதான்.

நீலம்

சாயக் கொட்டகைக்குள் நுழைந்தபோது மாணவி பேச்சை நிறுத்திவிட்டாள். சுவரிலும் தரையிலும், எத்தனை மழை ஒழுகியும் போகாத நீலம் ஊறியிருந்தது. தொட்டிகள் காய்ந்து கிடந்தன.

அவுரியின் சாயம் ஒரு விந்தையானது. அது தண்ணீரில் கரையாது. காரமும் நொதிப்பும் சேர்ந்த தொட்டியில்தான் தன் நிறத்தை விட்டுக்கொடுத்துக் கரையும். அப்போது தொட்டியில் இருப்பது நீலம் அன்று. மஞ்சள் கலந்த பச்சை. உருளைகளின் மேல் துணியை அந்த நீருக்குள்ளேயே ஓட்டுவார்கள். நீருக்குள் இருக்கும் வரை துணியும் மஞ்சட்பச்சையாகவே இருக்கும். வெளியே எடுத்ததும் காற்றுப் பட்ட மாத்திரத்தில் கண்ணெதிரே பச்சை மறைந்து நீலம் பிறக்கும். முக்கி எடுக்க எடுக்க நீலம் கறுக்கும். இளைஞராக இருந்தபோது தம் கைகள் முழங்கை வரை நீலமாகவே இருக்கும் என்றும், சனிக்கிழமை இரவு நடனத்துக்குப் போனால் தம்மை இன்ன வேலைக்காரன் என்று எல்லாப் பெண்களும் கண்டுகொள்வார்கள் என்றும் சொல்லி முதியவர் சிரித்தார்.

நமக்குச் சிரிப்பு வந்தது. கூடவே வேறொன்றும் நினைவு வந்தது. 19-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்து இறக்குமதி செய்த அவுரியில் பெரும்பகுதி வங்காளமும் பீஹாரும் விளைத்தது. சென்னை ராஜதானியும் அவுரி அனுப்பிற்று. திண்டிவனத்துப் பக்கத்தில் இன்றும் அவுரி பயிராகிறது. வங்காளத்தில் குடியானவர்கள் 1859-இல் அவுரி விதைக்க மறுத்துக் கிளர்ந்தெழுந்தார்கள். சம்பாரணில் ஒவ்வொரு குடியானவனும் இருபது கட்டா நிலத்தில் மூன்று கட்டாவில் தோட்ட முதலாளிக்காக அவுரி பயிரிட வேண்டும் என்ற கட்டாயம் இருந்தது. 1897-இல் ஜெர்மானியர் ரசாயன அவுரியைச் சந்தைக்குக் கொண்டுவந்தார்கள். செடி அவுரியின் விலை விழுந்தது. அந்த நஷ்டத்தை முதலாளிகள் குத்தகை உயர்வாகக் குடியானவர் தலையில் ஏற்றினார்கள். 1917-இல் காந்தியடிகள் அங்கே சென்றதும், மறு வருஷம் சட்டம் அந்தக் கட்டாயத்தை ஒழித்ததும் பள்ளிப் பிள்ளைகளும் அறிந்த சரித்திரம்.

அந்தச் சரித்திரத்தை நாம் வகுப்பில் பல முறை நடத்தியிருக்கிறோம். ஆனால் அவுரி போய்ச் சேர்ந்த தொட்டி எப்படி இருக்கும் என்று ஒரு மாணவனாவது கேட்டதில்லை. நாமும் எண்ணிப் பார்த்ததில்லை. வயலில் காலில் நீலம் படிந்தவன் ஒருவன். ஆறாயிரம் மைலுக்கு அப்பால் கையில் நீலம் படிந்தவன் மற்றொருவன். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்ததே இல்லை. நடுவே நின்று இருவரையும் பார்த்தவன் வியாபாரி ஒருவன்தான்.

இழுத்தலும் மழித்தலும்

அடிபட்டுச் சுருங்கிய துணியை ஒழுங்கான அகலத்துக்கு இழுத்துக் காயவைக்க வேண்டும். முற்காலத்தில் ஊர்ப்புறத்து வெளிகளில் நீண்ட மரச் சட்டங்கள் நட்டு, அவற்றில் அடித்த கொக்கிகளில் துணியின் கரைகளை மாட்டுவார்கள். அந்தச் சட்டத்திலிருந்து துணி திருடியவனுக்கு உயிர்த் தண்டனை விதிக்க 1670-இல் ஒரு சட்டமே செய்தார்கள். வெளியில் நடந்த அந்த வேலை பின்பு யந்திரத்துக்குள் வந்தது. ஊசி பதித்த இரண்டு சங்கிலிகள் துணியின் இரு கரைகளையும் பற்றிக்கொண்டு சூடான அறைக்குள் இழுத்துச் செல்லும். அறையைவிட்டு வெளிவரும்போது துணி அகலமும் உலர்ச்சியும் பெற்றிருக்கும்.

அதன்பின் துணியின் முகத்தைச் சீவி மயிர் எழுப்புவார்கள். இதற்கு உதவியது ஒரு செடியின் உலர்ந்த பூங்கதிர். நெருஞ்சியைவிடப் பெரிது, ஒவ்வொரு முள்ளின் நுனியும் கொக்கிபோல் வளைந்திருக்கும். இரும்பு முள் இழையை அறுத்துவிடும். இந்தப் பூமுள்ளோ இழை தடுத்தால் தான் ஒடிந்து இழையைக் காப்பாற்றும். டான்டனைச் சுற்றியுள்ள வயல்களில் இதற்கென்றே அச்செடியைப் பயிரிட்டு வந்தார்கள்.

எழுந்த மயிரைச் சமமாக மழிப்பது கடைசிக் கலை. பழைய நாளில் சுமார் 40 ராத்தல் நிறையுள்ள கத்தரியால் ஆட்கள் இதைச் செய்தார்கள். கை தேர்ந்தவர்கள்; நல்ல கூலி பெற்றவர்கள். யந்திரங்கள் வந்தபோது அவர்கள் கலகம் செய்தார்கள். பக்கத்து வில்ட்ஷயர் ஜில்லாவில் ஆலை ஒன்றுக்குத் தீ வைத்த குற்றத்துக்காக 1803-இல் தாமஸ் ஹெல்லிக்கர் என்ற பையனைத் தூக்கிலிட்டார்கள். அன்று அவனுக்கு 19 வயது நிறைந்தது. 1815-இல் க்ளாஸ்டர்ஷயரைச் சேர்ந்த ஜான் லூயிஸ், திருகுபோல் வளைந்த கத்திகள் சுழலும் யந்திரம் ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். அவ்வகை யந்திரத்தைக் கண்டுதான் 1830-இல் எட்வின் பட்டிங் என்பவர் புல் வெட்டும் யந்திரத்தை உருவாக்கினாராம். இங்குள்ள மழிப்பு யந்திரத்தின் கத்திகளில் துரு ஏறியிருந்தாலும், அந்தத் திருகு வடிவம் இன்னும் அழகாகவே இருக்கிறது.

இறுதியில் கனத்த அழுத்து யந்திரத்தில், மடிப்புக்கு மடிப்பு வழவழப்பான அட்டை வைத்து அழுத்தி எடுப்பார்கள். நம் ஊரில் பெட்டி போடுவது போலத்தான். கடைக்குப் போகும் கோடித்துணி அதற்கப்புறந்தான் கோடித்துணி ஆகும். கொட்டகையின் ஒரு கோடியில் முரட்டுச் சாக்காக நுழைந்தது மறு கோடியில் மிருதுவான ஆடையாக வெளியேறும். நெய்தவர் பெயரையாவது ஒரு வேளை எவரேனும் கேட்கக்கூடும்; அலசினவர், அடித்தவர், மழித்தவர் பெயரை யாரும் கேட்பதில்லை.

புழுதியும் பட்டியும்

இனி நமது வழக்குக்கு வருவோம்.

'காக்' என்றால் பாரஸீகத்தில் மண், புழுதி. புழுதி நிறம் காக்கி. 1846-இல் பெஷாவரில் ஹாரி லம்ஸ்டன் என்ற அதிகாரி திரட்டிய படை அந்த நிறத்தை உடுத்தியது. 1857-இல் வெயிலில் போரிட்ட வெள்ளைச் சிப்பாய்கள் தங்கள் வெள்ளை உடையைத் தேயிலைச் சாறு, சேறு முதலியவற்றில் முக்கி மங்க வைத்தார்கள். 1885-க்குள் இந்தியாவில் இருந்த படைகளுக்குக் காக்கி நிலைத்தது. 1902-இல் இங்கிலாந்தில் இருந்த படைக்கும் அதுவே பணி உடையாயிற்று. நம் நாட்டுப் புழுதி இவ்வாறு சாம்ராஜ்யத்தின் நிறமாகிவிட்டது. காற்பட்டியும் நம் நாட்டு மலைப்புறத்தாரிடமிருந்து எடுத்துக்கொண்டதே. பாக்ஸ் நிறுவனத்தார் அதை வளைவாக நெய்து, மடிப்பு விழாமல் காலில் சுற்றும்படி திருத்தினார்கள். வலக்காலுக்கு ஒன்று, இடக்காலுக்கு ஒன்று. முதல் உலகப் போரில் அரசாங்கம் அவர்களிடம் காற்பட்டிக்காகக் கேட்ட துணியின் நீளம் 852 மைல். சென்னையிலிருந்து கன்னியாகுமரிக்குப் போய்த் திரும்பினால் ஏறக்குறைய அவ்வளவு தூரந்தான் ஆகும். ஆயுதத்தை விலக்கிய குடும்பம் தொடங்கிய தொழில் இப்படி லக்ஷக்கணக்கான போர்வீரரின் கால்களைச் சுற்றியது.

இதையெல்லாம் மனத்தில் வைத்துக்கொண்டு, முதியவரிடம் பாட்டனாரின் கதையைச் சொன்னோம். சொல்லலாமா, கூடாதா என்ற தயக்கம் இருந்தது. மாணவியும் நம்மை ஒரு மாதிரி பார்த்தாள். கட்டை வண்டி, தடியடி, கால்கள் எல்லாவற்றையும் சொல்லி முடித்தோம். அவர் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, தம் தகப்பனாரின் தமையன் பிரான்ஸ் தேசத்துப் பதுங்குகுழிகளில் இந்தப் பட்டியைச் சுற்றிக்கொண்டு நின்றவர் என்றும், ஈரத்தில் இறுகிய பட்டியோடு பல நாள் நின்று கால் அழுகித் திரும்பினார் என்றும் சொன்னார். அந்தப் பட்டியை அலசியவள் அவருடைய தங்கையாகவே இருக்கலாம்; அவளும் இந்தச் சாலையில்தான் வேலை பார்த்தாளாம்.

"பட்டி என்பது உங்கள் சொல்லா? காக்கியும் உங்கள் சொல்லா?" என்று கேட்டார். வாழ்நாளெல்லாம் அந்தச் சொற்களைச் சொல்லியும் அவை எந்த நாட்டுச் சொற்கள் என்று அவர் அறிந்திருக்கவில்லை. ஹிந்தி, பாரஸீகம் என்று விளக்கினோம். "புழுதியா!" என்று ஒரு முறை சொல்லிக்கொண்டார். சட்டைப் பையிலிருந்து சிறு குறிப்புப் புஸ்தகம் எடுத்து, இரண்டு சொற்களையும் அவற்றின் பொருளையும் எழுதித் தரும்படி கேட்டார். எழுதிக் கொடுத்தோம். அடுத்த முறை வருகிறவர்களுக்கு அதையும் சேர்த்துச் சொல்வதாகக் கூறினார்.

பாட்டனார் கண்டது கால்களை மட்டும். அந்தக் கால்களுக்கு மேலே ஒரு முகம் இருந்தது. அந்தப் பட்டிகளுக்குப் பின்னாலும் எங்கேயோ முழங்கை வரை சாயம் ஏறிய கைகள் இருந்தன. தடி எடுக்க உத்தரவிட்டவர் அந்தக் கைகளுக்கு உரியவர் அல்லர். பாட்டனாருடைய கோபம் நியாயமானது; அதை விட்டுக்கொடுக்க நமக்கு உரிமை இல்லை. அந்தக் கோபத்தை யார்மேல் செலுத்துவது என்பதில் மட்டும் அன்று நமக்குச் சிறிது தெளிவு உண்டாயிற்று.

எஞ்சியதும் எஞ்சாததும்

டோன் ஒர்க்ஸ் நெடுங்காலம் மழையில் ஒழுகிக் கிடந்தது. அழியும் அபாயத்தில் உள்ள பழங்கட்டடங்களின் ஜாபிதாவில் அதன் பெயர் ஏறியது. பிறகு அவ்வட்டாரத்து ஆட்சி மன்றத்தார் அதைத் தங்கள் பொறுப்பில் ஏற்று, கூரைகளையும் சுவர்களையும் காக்கும் வேலையைத் தொடங்கினார்கள். பாக்ஸ் நிறுவனமும் முற்றும் மறைந்துவிடவில்லை. சிறிய அளவில் அதே பட்டணத்தில் இன்றும் கம்பளித் துணி நெய்கிறது.

திரும்பி வந்தபின் ஒரு நாள் சென்னையில் பெரம்பூர்ப் பக்கம் போகவேண்டியிருந்தது. அங்கே இருந்த பக்கிங்ஹாம் ஆலை 1876-இலும் கர்நாடிக் ஆலை 1881-இலும் தோன்றியவை. நம் நாட்டிலேயே காக்கித் துணி செய்து படைகளுக்குக் கொடுத்துப் பேர்பெற்றவை அவை. இந்தியாவின் முதல் தொழிற்சங்கங்களுள் ஒன்றான சென்னைத் தொழிலாளர் சங்கம் 1918-இல் அந்த ஆலைத் தொழிலாளர்களால் உண்டாயிற்று, திரு. வி. கலியாணசுந்தர முதலியார் அதன் துணைத் தலைவர்களுள் ஒருவர். 1921-இல் நடந்த நீண்ட வேலைநிறுத்தத்தில் துப்பாக்கிப் பிரயோகம் நடந்து தொழிலாளர் உயிரிழந்தார்கள். காக்கி நெய்தவர்மேல் காக்கி உடுத்தவர் சுட்டார்கள் என்றால் அது வெறும் சொல்லலங்காரம் அன்று. 1996-இல் ஆலை மூடப்பட்டது. பின்னர் அதன் கிடங்குகளில் சினிமாப் படப்பிடிப்புகள் நடந்தன. நிலத்தில் அடுக்குமாடி வீடுகள் எழும்பின.

அங்கே சாயத்தொட்டியைக் காட்ட ஒரு முதியவரைத் தேட வேண்டியதில்லை; பெரம்பூர் வீதிகளில் இன்னும் பல பேர் இருப்பார்கள். காட்டுவதற்குத் தொட்டிதான் இல்லை. ஆயினும் நினைவு இருக்கிறது. அடுத்த விடுமுறையில் நமது வகுப்புப் பிள்ளைகளில் நால்வரைக் குறிப்புப் புஸ்தகத்தோடு அங்கே அழைத்துப் போவதாக இருக்கிறோம். முதல் கேள்வியை அவர்களுக்கு இப்போதே சொல்லிக் கொடுத்தாயிற்று: "ஐயா, உங்கள் கை எந்த நிறத்தில் இருந்தது?"